ஆன்டிலோப் கேன்யன்: வழிகாட்டிக் கட்டணம் பகல் கொள்ளையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பள்ளத்தாக்கு பற்றி இரண்டு பக்கங்களுக்கு வண்ணப்படக் கட்டுரை வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் போன வாரம் வெளியிட்டிருந்தீர்கள். மகளைப் பார்க்கப் போனபோது தானும் அந்த இடத்துக்குப் போனதாகவும், ஒரு மணி நேரம் பாறை இடுக்கில் நடப்பதற்கு அத்தனை டாலர் வாங்கினார்கள் என்றும், வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்பது பகல் கொள்ளை என்றும் எழுதியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. டாலரை ரூபாயாகப் பெருக்கிப் பார்க்காத அப்பா அம்மா யார் இருக்கிறார்கள்? ஆனால் அந்த விதி ஏன் வந்தது என்பதைக் கட்டுரையும் சொல்லவில்லை, கடிதமும் சொல்லவில்லை. பொதுப்பணித் துறையில் ஆறு, ஓடை, கால்வாய் என்றே வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கடிதம் நீளமாக இருந்தால் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

நானும் என் மனைவியும் அதே மாநிலத்தில் பீனிக்ஸ் நகரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது செப்டம்பரில் ஒரு நாள் அங்கே போனோம். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் வேனில் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் ஒருநாள் சுற்றுலாவில் எங்களை ஏற்றிவிட்டான். பேஜ் என்ற சிற்றூரை ஒட்டித்தான் இந்தக் கேன்யன் இருக்கிறது. பீனிக்ஸிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர். போக நாலரை மணி நேரம், வர நாலரை மணி நேரம். இருட்டில் கிளம்பி இருட்டில்தான் வீடு திரும்பினோம். ‘ஒருநாள் பயணம்’ என்று விளம்பரத்தில் படிக்கச் சுலபமாக இருக்கும். அறுபதைத் தாண்டிய முதுகுக்குத்தான் அதன் அருமை தெரியும். பிள்ளைகள் நேரம் ஒதுக்க முடிந்தால் பேஜிலேயே ஒரு இரவு தங்கிவிடுவது நல்லது.

வழி மட்டும் அலுக்கவே இல்லை. பீனிக்ஸ் கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து நூறு அடி உயரத்தில் இருக்கிறது. வடக்கே ஃபிளாக்ஸ்டாஃப் ஏறக்குறைய ஏழாயிரம் அடி. ஆள் உயரத்தைப் போல நாலு மடங்கு நிற்கும் சகுவாரோ கள்ளிகள் ஒரு கட்டத்தில் காணாமல் போய், கொஞ்ச நேரத்தில் பைன் காட்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறோம். என் மனைவிக்குக் காது அடைத்துக்கொண்டது. அப்புறம் மறுபடி இறக்கம். மரம் முழுக்க மறைந்து சிவப்பும் சாம்பலுமாக வெறும் மண். கேமரன் என்ற இடத்தில் லிட்டில் கொலராடோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம். பெயர்தான் ஆறு, அன்றைக்கு மணல்தான் கிடந்தது.

ஃபிளாக்ஸ்டாஃபுக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் நிலம் தொடங்குகிறது. இதைத் தங்கள் கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. ‘கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி’ என்று வேறு போட்டிருந்தீர்கள். அது தவறு. ஆன்டிலோப் கேன்யன் நவஹோ நேஷனுக்குச் சொந்தமான பழங்குடிப் பூங்கா. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்கு ஆண்டுச் சந்தா கட்டி வாங்கும் அட்டை இங்கே செல்லாது. எங்கள் வேனிலேயே ஒருவர் அந்த அட்டையை நீட்டிவிட்டு, செல்லாது என்றதும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். நவஹோ நேஷனின் பரப்பு சுமார் எழுபதாயிரம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்கு மேல். அவர்களுக்கென்று தலைவர், மன்றம், நீதிமன்றம், போலீஸ் எல்லாம் இருக்கின்றன. அவர்கள் வீட்டுக்குள் போகிறோம். எப்படி வர வேண்டும் என்று அவர்கள் சொல்வதில் என்ன கொள்ளை?

சரி, விதிக்கு வருகிறேன்.

ஆன்டிலோப் கேன்யன் மேல், கீழ் என்று இரண்டு பகுதி. நாங்கள் போனது கீழ்ப் பகுதி. மேலே நின்று பார்த்தால் தரையில் ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். உள்ளே இவ்வளவு இருக்கிறது என்று யாரும் நம்ப மாட்டார்கள். செங்குத்தான இரும்புப் படிகளில், ஏணி இறங்குவதுபோலத் திரும்பி நின்று கம்பியைப் பிடித்துத்தான் இறங்க வேண்டும். கீழே இறங்கினால் இரண்டு பக்கமும் பாறை, ஆழம் கிட்டத்தட்ட 120 அடி. சில இடங்களில் ஒருவர் பின் ஒருவராக, தோளைச் சாய்த்துத்தான் நுழைய முடியும். அந்தப் பாறை ஒரு காலத்தில் மணல்மேடாக இருந்தது. டைனோசர் காலத்து மணல்மேடுகள் இறுகிக் கல்லானவை, ஏறக்குறைய 19 கோடி ஆண்டுப் பழசு. காற்று அன்றைக்கு எந்தத் திசையில் மணலைத் தள்ளியதோ அந்தச் சாய்வுக் கோடுகள் சுவரில் இன்னும் அப்படியே இருக்கின்றன. இரும்புச் சத்தால் வந்தது அந்தச் சிவப்பு. இவ்வளவையும் செதுக்கியது எது? பெரும்பாலும் வெள்ளம். ஆண்டு முழுக்க ஓடும் ஆறு அங்கே கிடையாது. எப்போதாவது ஒரு மழையில், சில மணி நேரம் மட்டும் பாய்ந்துவிட்டு வற்றும் காட்டு வெள்ளம், மணலையும் கல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்ப் பாறையை அறுத்திருக்கிறது.

எங்கள் வழிகாட்டி ஒரு நவஹோ இளைஞர். முதல் பாதி நேரம் எல்லார் கைப்பேசியையும் வாங்கி கேமரா அமைப்பை மாற்றிக்கொடுப்பதிலேயே போனது. ஏற்கெனவே சிவந்திருக்கும் பாறைக்கு இன்னும் சிவப்பு ஏற்றும் அமைப்பு அது. தங்கள் இணைப்பில் வந்த படங்களும் அந்த ரகம்தான். கண்ணால் பார்க்கும்போது அத்தனை செக்கச்செவேல் இல்லை. வெளிறிய ஆரஞ்சு, நிழலில் ஊதா, சில வளைவுகளில் வெறும் மண் நிறம். எனக்கு அதுதான் பிடித்தது. இந்தப் படமெடுக்கும் அவசரத்தில்தான் அந்த இடத்தின் பாதி போய்விடுகிறது என்பது என் குறை. முன்னால் ஒரு குழு, பின்னால் ஒரு குழு, ‘நகருங்கள், நகருங்கள்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடிதம் எழுதிய அன்பர் இதைக் குறை சொல்லியிருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஒரு திருப்பத்தில் தலைக்கு மேலே, நல்ல உயரத்தில், இரண்டு சுவருக்கும் இடையில் ஒரு மரக்கட்டை குறுக்கே சிக்கியிருந்தது. அங்கே சுற்றுவட்டாரத்தில் அந்தப் பருமனில் மரமே கிடையாது. அது எப்படி அங்கே போனது என்று வழிகாட்டியிடம் கேட்டேன். ‘தண்ணீர் வைத்துவிட்டுப் போனது’ என்றார். எங்கள் வேலையில் பாலத் தூண்களில் எம்.எஃப்.எல். என்று கோடு போட்டு எழுதி வைப்போம், அதிகபட்ச வெள்ள மட்டம். இங்கே தண்ணீரே கோடு போட்டு வைத்திருக்கிறது. அதற்குக் கீழே நாங்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். நான் வேலை பார்த்த துறையைச் சொன்னதும் அந்த இளைஞர் கைப்பேசிகளை விட்டுவிட்டு என்னோடு பேச ஆரம்பித்துவிட்டார். 

1997 ஆகஸ்ட் 12 அன்று இதே கீழ்ப் பகுதியில் திடீர் வெள்ளம் வந்து பதினோரு சுற்றுலாப் பயணிகள் இறந்துபோனார்கள். அமெரிக்கர்களைத் தவிர பிரான்சு, பிரிட்டன், சுவீடன் நாட்டுக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். வெள்ளத்தில் சிக்கியவர்களில் பிழைத்தது ஒரே ஒருவர், சுற்றுலாக் குழுவைக் கூட்டிவந்தவர். கேன்யன் இருந்த இடத்தில் அன்றைக்குப் பெரிய மழை இல்லை. இடியோடு மழை கொட்டியது பல மைல் தள்ளி, நீர் வரும் மேல்பகுதியில். அப்போது இருந்தவை சாதாரண மர ஏணிகள். வெள்ளம் முதலில் கொண்டுபோனது அவற்றைத்தான்.

ஏன் இப்படி நடக்கிறது என்று புரிய பெரிய படிப்பு வேண்டாம். மேல்பகுதி முழுக்க வெறும் பாறையும் இறுகிய மண்ணும். உறிஞ்ச செடி கொடி இல்லை. விழுகிற மழையில் பெரும்பகுதி அப்படியே ஓடி வருகிறது. அகலமான மணல் ஓடையில் முழங்கால் அளவு வருகிற தண்ணீர், ஒரு ஆள் நுழையும் இடுக்குக்குள் புகுந்தால் அதே அளவு நீர் கடந்தாக வேண்டுமே, எங்கே போகும்? மேலே ஏறும், வேகமும் கூடும். உள்ளே இருப்பவருக்கு வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும். அந்தக் கீற்றும் அன்றைக்கு நீலமாகவே இருக்கலாம்.

தென்காசிக்காரனான எனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனதே! மழை மலைமேல் பெய்யும், ஆபத்து கீழே குளிப்பவருக்கு வரும். போலீஸ்காரர் விசில் அடித்து ஏறச் சொன்னால், ‘இப்பத்தான சார் வந்தோம்’ என்று அவரிடம் மல்லுக்கு நிற்கிற கூட்டத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்த இடம் பழங்குடிப் பூங்கா ஆனதும் 1997-இல்தான். வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்று நவஹோ நிர்வாகம் நிறுத்திவிட்டது. ஏணிகள் பாறையோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டன. மேலிருந்து இறக்க வலைகள், வானிலை எச்சரிக்கை கேட்கும் ரேடியோ, அபாயச் சங்கு எல்லாம் வந்தன. அப்புறமும் வெள்ளம் வரத்தான் செய்கிறது. 2006 அக்டோபர் கடைசியில் வந்த வெள்ளம் ஒன்றரை நாள் நீடித்து, கீழ்ப் பகுதியை ஐந்து மாதம் மூடிப் போட்டது. 2010 ஜூலையில் மேல் பகுதியில் சில பயணிகள் பாறைத் திட்டில் மாட்டிக்கொண்டார்கள். நாம் கொடுக்கும் பணத்தில், ‘இன்றைக்கு உள்ளே போக வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்த ஒருவருடைய சம்பளமும் இருக்கிறது. அவர் அந்தச் சொல்லைச் சொல்லாமலே எங்களைக் கூட்டிப்போய் வந்தார் என்பதால் அது வீண் செலவாகிவிடாது.

இன்னொன்று. பேஜ் என்ற ஊரே 1957-இல் கிளென் கேன்யன் அணையைக் கட்ட வந்த தொழிலாளர்களுக்காக உருவானது. அதற்கு முன் அது நவஹோ நிலம். வேறொரு இடத்தைக் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள். அணையை வேனிலிருந்து பார்த்ததும் நான் ஓட்டுநரிடம் கெஞ்சி ஐந்து நிமிடம் நிறுத்தச் சொன்னேன். மற்றவர்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். 710 அடி உயரக் கான்கிரீட் வளைவு அணை, மேட்டூரைப் போல மூன்று மடங்குக்கும் மேல் உயரம். பின்னால் நிற்கும் பவல் ஏரி முழுசாக நிரம்பினால் ஆயிரம் டி.எம்.சி.க்கு மேல் பிடிக்கும், நம் மேட்டூருக்கு 93. 1963-இல் நீரைத் தேக்கத் தொடங்கி, முதல்முறை நிரம்ப 1980 ஆகிவிட்டது. இப்போது அது நிரம்பி வழிகிற காலம் போய்விட்டது. பாறைச் சுவரில் பழைய நீர்மட்டம் வரைக்கும் வெள்ளையாக உப்புப் படிந்த பட்டை தூரத்திலிருந்தே தெரிகிறது. 2023-இன் தொடக்கத்தில், நிரம்பத் தொடங்கிய காலத்துக்குப் பிறகு இல்லாத அளவுக்கு மட்டம் கீழே போனது.

பேஜ் பக்கத்தில் நவஹோ நிலத்தில் 2250 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்று ஓடியது. நிலக்கரியும் அவர்கள் பக்கத்து மண்ணிலிருந்து வந்ததுதான். அதன் மின்சாரத்தில் ஒரு பங்கு, கொலராடோ ஆற்றுத் தண்ணீரை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கால்வாயில் பம்ப் செய்து பீனிக்ஸுக்கும் டூசானுக்கும் கொண்டுபோவதற்கு. நிலையம் 2019-இல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் நவஹோக்கள், உள்ளூரில் இருந்த அந்த வேலை போனது. புகைபோக்கிகளையும் அடுத்த ஆண்டு வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். அந்த மின்சாரத்தால் பல ஆண்டு பீனிக்ஸ் வீடுகளின் குழாயில் தண்ணீர் வந்தது. நவஹோ நிலத்திலோ மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்கு இன்றைக்கும் குழாயே கிடையாது என்கிறார்கள். பிக்அப் வண்டியில் பிளாஸ்டிக் டேங்கை வைத்துத் தண்ணீர் ஏற்றிப்போவதை நெடுஞ்சாலையிலேயே பார்த்தோம். அமெரிக்க அரசோடு செய்துகொண்ட 1868 ஒப்பந்தத்தின்படி தங்களுக்கு வேண்டிய தண்ணீரை உறுதிசெய்வது அந்த அரசின் கடமை என்று நவஹோக்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அப்படி ஒரு கடமை இல்லை என்று 2023-இல் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தீர்ப்பாகிவிட்டது. நிலைமை இப்படி இருக்க, தங்கள் நிலத்தில் உள்ள ஒரு பாறை இடுக்கைக் காட்டிச் சம்பாதிப்பதை நாம் கொள்ளை என்று எழுதினால் நன்றாகவா இருக்கிறது?

மதியச் சாப்பாட்டை மனைவி புளியோதரையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வேனில் வந்த மற்றவர்கள் ‘ஃபிரை பிரெட்’ வாங்கினார்கள். தட்டு அகலத்துக்கு ஒரு பூரி, அதன்மேல் பீன்ஸ், சீஸ் என்று குவித்துக் கொடுக்கிறார்கள். நானும் ஒன்று வாங்கிப் பிய்த்துப் பார்த்தேன், ருசிதான். சைவக்காரர்கள் எந்தக் கொழுப்பில் பொரித்தது என்று கேட்டுவிட்டு வாங்கவும். அதன் கதை அவ்வளவு ருசியானது இல்லை. 1864-இல் அமெரிக்க ராணுவம் நவஹோ மக்களை ஊரைவிட்டுத் துரத்தி, ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர் நடக்க வைத்து நியூ மெக்சிகோவில் அடைத்தது. விளைய ஒன்றும் இல்லாத அந்த இடத்தில் ரேஷனாகக் கொடுத்த மாவிலும் கொழுப்பிலும் பிறந்த பண்டம் இது. நான்கு வருடம் கழித்து, நான் மேலே சொன்ன 1868 ஒப்பந்தத்தில்தான் அவர்கள் சொந்த நிலத்துக்குத் திரும்பினார்கள்.

கடைசியாக, பிள்ளைகளைப் பார்க்கப் போகிற நம்மூர்ப் பெற்றோருக்காகச் சில விவரம். கட்டுரையில் இது இருந்திருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

மூட்டு வலி இருப்பவர்கள் கீழ்ப் பகுதிக்குப் பதிவு செய்யாதீர்கள். மேல் பகுதியில் கேன்யனுக்குள் நடப்பது தரைமட்டத்தில்தான், மணல் ஓடையில் வண்டியில் கூட்டிப்போய் இறக்குகிறார்கள். திரும்பும் வழியில் படிகள் உண்டா என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டுரையில் வந்த, மேலிருந்து தூண்போல இறங்கும் ஒளிக்கற்றையும் மேல் பகுதியில்தான். அதுவும் மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை, உச்சிவேளையில். அந்த நேரத்துக்குக் கட்டணமும் கூட்டமும் அதிகம். கீழ்ப் பகுதிக்குப் போய்விட்டு ‘கற்றை எங்கே’ என்று எங்கள் குழுவில் ஒருவர் சண்டைக்கே போனார்.

பை எடுத்துப்போக விட மாட்டார்கள். கைப்பை, முதுகுப்பை, செல்ஃபி குச்சி, முக்காலி எதுவும் கூடாது. சர்க்கரை மாத்திரை, மூச்சுக்குழல் மருந்து வைத்திருப்பவர்கள் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் மட்டும் கையில் இருக்கலாம். உள்ளே கழிப்பறை கிடையாது.

கடிகாரம் பெரிய தொல்லை. அரிசோனா மாநிலம் கோடையில் நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவதில்லை, நவஹோ நேஷன் தள்ளுகிறது. கைப்பேசி அங்கங்கே எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அதற்கேற்ப ஒரு மணி நேரம் குதிக்கும். என் போனுக்கும் மனைவி போனுக்கும் ஒரே வேனுக்குள் ஒரு மணி நேர வித்தியாசம். கேன்யன் சுற்றுலாக்கள் பேஜ் நேரப்படிதான் நடக்கின்றன, அதாவது பீனிக்ஸ் நேரம். சொந்தக் காரில் போகிறவர்கள் கையில் கட்டும் பழைய கடிகாரம் ஒன்றைப் பீனிக்ஸ் நேரத்துக்கு வைத்துக்கொள்ளட்டும்.

ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற இடத்தையும் அதே நாளில் காட்டுவார்கள். கொலராடோ ஆறு ஒரு பாறையைச் சுற்றி வளைந்து ஓடுவதை ஆயிரம் அடி மேலே நின்று பார்க்கலாம். கம்பித் தடுப்பு ஒரு சிறு பகுதிக்கு மட்டும்தான், மற்ற இடமெல்லாம் திறந்த விளிம்பு. போய்வர இரண்டரை கிலோமீட்டர் நடை, நிழல் அநேகமாக இல்லை. பேரப்பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை அங்கே மழைக்காலம். அந்த மாதங்களில் போகிறவர்கள், வெள்ள எச்சரிக்கையால் ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு நாள் தருவார்களா என்று முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளவும். வேன் கம்பெனிக்கு ஒரு விதி, கேன்யன் நடத்துகிறவர்களுக்கு இன்னொரு விதி இருக்கலாம். இரண்டு இடத்திலும் கேளுங்கள். வழிகாட்டிக்கு டிப்ஸ் தனி, அது கட்டணத்தில் சேராது.

தேசியப் பூங்கா என்று போட்ட தவறுக்கு அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பா. சங்கரலிங்கம்,
உதவிச் செயற்பொறியாளர் (ஓய்வு), பொதுப்பணித் துறை,
தென்காசி.